நாரையின் உடம்பில் எத்தனை ஊர்? உழவர்கரையிலிருந்து ஊசுட்டேரிக்கு ஒரு காலை உலா

புதுச்சேரி என்றதும் கடற்கரைச் சாலையும், மஞ்சள் சுவர் வீடுகளும், காகிதப்பூக் கொடிகளும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே திரும்பினால் இன்னொரு புதுச்சேரி இருக்கிறது. பலகையில் அதன் பெயர் உழவர்கரை. பெரியவர்கள் பேச்சில் ஒழுகரை. பிரெஞ்சுக்காரர்களின் ஏட்டில் ஊல்கரே.

1880-ல் பிரெஞ்சு ஆட்சி தன் ஊர்களைக் கம்யூன்களாகப் பிரித்தபோதே உழவர்கரை தனிக் கம்யூன் ஆகிவிட்டது. இன்று அது நகராட்சி. 2011 கணக்கெடுப்பில் சுமார் 3 லட்சம் பேர். காகிதத்தில் ஒரே நகராட்சிதான். உள்ளே போய்ப் பார்த்தால் ரெட்டியார்பாளையம், மூலக்குளம், லாஸ்பேட்டை, முத்திரையர்பாளையம், கோரிமேடு என்று எத்தனையோ ஊர்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடைத்தெரு, தனித்தனிக் கோயில் திருவிழா.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் பார்க்கப்போகும் பறவைகளும் அப்படித்தான். வெளியே ஒரே உடம்பு. உள்ளேயும் மேலேயும் பல ஊர்கள். குடியிருப்பவர்கள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள்.

ஏரிக்கரையில்

நகரிலிருந்து பத்துக்கண்ணு பக்கம் போகும் சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் போனால் ஊசுட்டேரி. ஊசுடு ஏரி என்றும் சொல்வார்கள். புதுச்சேரிப் பகுதியின் மிகப்பெரிய ஏரி இதுதான். மொத்தம் சுமார் 800 ஹெக்டேர். பாதி புதுச்சேரிக்குச் சொந்தம், மீதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்துக்கு. பறவைகளுக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது. புதுச்சேரி அரசு 2008-ல் தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பின்னர் தமிழ்நாடும் தன் பகுதியை அறிவித்தது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது. காலை 6 மணிக்குக் கரையில் இருந்தால் வெயில் ஏறுவதற்குள் நிறையப் பார்த்துவிடலாம். நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழிகள், தண்ணீருக்கு மேலே கழுத்தை மட்டும் நீட்டும் பாம்புத்தாரா, தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழி, கூட்டமாக மீன் வளைக்கும் கூழைக்கடா, வடக்கே பனி கொட்டும்போது இங்கே வந்து சேரும் ஊசிவால் வாத்து என்று ஒரு பட்டியலே போடலாம்.

நமக்கு இன்று வழிகாட்டி நத்தைக்குத்தி நாரை. இரண்டு அலகுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். வாயை மூடினாலும் மூடாததுபோல் தெரியும். வயலிலும் ஏரியோரத்திலும் சேற்றுக்குள் அலகை விட்டு நத்தையைத் தேடும். நாள் முழுக்கச் சேற்றிலேயே வாய். அப்படியென்றால் அந்த வாயில் என்னென்ன இருக்கும்? அதே நுண்ணுயிரிகள்தான் இறகிலும் குடலிலும் இருக்குமா? உலகம் முழுவதும் பறவை ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முகத்தில் 528, குடலில் 76

இதற்கு மிகத் தெளிவான பதில் அமெரிக்கக் கண்டத்துப் பிணந்தின்னிக் கழுகுகளிடமிருந்து வந்தது. 2014-ல் வெளியான ஆய்வு அது. 50 கழுகுகளின் முகத்தோலிலிருந்தும் குடலிலிருந்தும் மாதிரி எடுத்து, மரபணு முறையில் நுண்ணுயிரி வகைகளை எண்ணினார்கள். முகத்தில் சராசரியாக 528 வகை. குடலில் சராசரியாக 76 வகை மட்டுமே.

அழுகிய மாட்டின் உடலுக்குள் தலையை விட்டுத் தின்னும் பறவை. முகத்தில் ஒட்டாதது ஒன்றும் இருக்காது. ஆனால் விழுங்கியதில் பெரும்பாலானவை வயிற்றின் கடுமையான அமிலத்தைத் தாண்டவில்லை. தாண்டி வந்து குடலில் கொடிகட்டிப் பறப்பவை குளோஸ்ட்ரிடியா, ஃபியூசோபாக்டீரியா என்ற இரண்டு கூட்டங்கள். மற்ற விலங்குகளுக்கு இவற்றில் சில விஷமாகிவிடும். கழுகோ அவற்றோடு குடித்தனம் நடத்துகிறது.

முகத்துக்கும் குடலுக்கும் சில அடி தூரம்தான். ஆனால் குடியிருப்பவர்கள் வேறு. வெளியே இருக்கும் தோலும் இறகும் ஊரின் மண்ணையும் தண்ணீரையும் காட்டுகின்றன. உள்ளே இருக்கும் குடல், வருபவர்களைச் சலித்து எடுத்து, வேண்டியவர்களை மட்டும் தங்க வைக்கிறது.

இறகைத் தின்னும் பாக்டீரியா

இனி இறகுக்கு வருவோம். இறகு கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நம் நகமும் முடியும்கூடக் கெரட்டின்தான். இதையும் தின்று செரிக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. பேசில்லஸ் லைக்கனிஃபார்மிஸ் அவற்றில் ஒன்று. மண்ணில் சாதாரணமாக வாழ்வது. ஈரமும் வெப்பமும் கிடைத்தால் இறகை மெல்ல அரித்துவிடும். இறகு போனால் பறக்க முடியாது, குளிரும் மழையும் தாங்க முடியாது.

பறவைகள் சும்மா இருக்கவில்லை. கறுப்பு நிறம் தரும் மெலனின் உள்ள இறகை இந்த பாக்டீரியாவால் அவ்வளவு எளிதாக அரிக்க முடியாது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஈரப்பதம் மிகுந்த நாடுகளில் ஒரே இனப் பறவை கூடுதல் கறுப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். கறுப்பும் ஒரு கவசம்தான்!

வெயிலும் ஒரு மருந்து. ஊசுட்டேரியில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் பட்டுப்போன மரக்கிளையில் சிறகை விரித்து நிற்பதைப் பார்க்கலாம். நனைந்த இறகை உலர்த்துவதுதான் முக்கிய வேலை. கூடவே ஒரு நன்மையும் இருக்கிறது. வெயில் பட்ட இறகை இந்த பாக்டீரியாக்கள் அரிப்பது குறைகிறது என்று 2007-ல் வெளியான ஒரு ஆய்வு சொன்னது. நம் வீட்டில் பாயையும் தலையணையையும் மொட்டைமாடியில் காயப்போடுகிறோமே, அதே கதை.

கொண்டலாத்தியின் நாற்ற மருந்து

ஏரியிலிருந்து திரும்பும் வழியில் புல்தரையிலோ தோப்போரத்திலோ தலையில் விசிறிக் கொண்டையோடு ஒரு பறவை மண்ணைக் குத்திக்கொண்டிருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். அது கொண்டலாத்தி. பார்க்க அழகு. அடைகாக்கும் காலத்தில் கூட்டுக்குப் பக்கத்தில் போனால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பல பறவைகளுக்கு வால் தொடங்கும் இடத்தில் ஒரு எண்ணெய்ச் சுரப்பி உண்டு. அலகால் அந்த எண்ணெயைத் தொட்டு இறகில் பூசிக்கொள்ளும். கொண்டலாத்தியின் சுரப்பி சாதாரண நாளில் வெள்ளை எண்ணெய் தரும், வாடையும் இருக்காது. கூட்டில் இருக்கும் பெட்டைக்கும் குஞ்சுக்கும் மட்டும் அது கரும்பழுப்பாக, நாற்றம் பிடித்ததாக மாறிவிடும். காரணம், சுரப்பிக்குள் குடியேறும் என்டரோகாக்கஸ் முதலான பாக்டீரியாக்கள்.

ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். தாய்ப்பறவை அந்தக் கறுப்பு எண்ணெயை முட்டைமேல் பூசுகிறது. கொண்டலாத்தி முட்டையின் ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குழிகள் உண்டு. எண்ணெயும் பாக்டீரியாவும் அந்தக் குழிகளில் தங்கிவிடுகின்றன. இந்த பாக்டீரியாக்கள் சுரக்கும் பொருட்கள் முட்டையைக் கெடுக்கும் மற்றக் கிருமிகளைத் தடுக்கின்றன. குஞ்சுக்குத் தாய் தரும் முதல் சீதனம் கிருமிதான்!

முட்டையின் உள்ளேயும் ஒரு காவல் இருக்கிறது. வெள்ளைக்கருவில் உள்ள லைசோசைம் என்ற பொருள் பல பாக்டீரியாக்களின் சுவரை உடைத்துவிடும். பின்னாளில் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்தான் 1922-ல் லைசோசைமையும் உலகுக்குச் சொன்னவர்.

தாய்க்கோழி தரும் பாதுகாப்பு

குடல் என்ற ஊருக்கு முதல் குடிகள் எங்கிருந்து வருகிறார்கள்? முட்டையை உடைத்து வரும் குஞ்சின் குடலில் அனேகமாகக் காலி மனைதான். தாயின் எச்சம், கூட்டின் குப்பை, ஊட்டிய இரை, குடித்த தண்ணீர் எல்லாவற்றிலிருந்தும் குடியேற்றம் நடக்கிறது.

1973-ல் பின்லாந்து ஆய்வாளர்கள் நர்மியும் ரன்டாலாவும் ஒரு எளிய சோதனை செய்தார்கள். இயந்திரத்தில் பொரித்த கோழிக்குஞ்சுகளுக்கு, வளர்ந்த கோழியின் குடலில் இருந்த நுண்ணுயிரிகளைக் கொடுத்தார்கள். அந்தக் குஞ்சுகளை சால்மொனெல்லா கிருமி எளிதில் பிடிக்கவில்லை. நல்ல குடிகள் முதலில் வந்து மனைகளைப் பிடித்துவிட்டால், கெட்டவர்களுக்கு இடம் இல்லை. தாய்க்கோழி பின்னாலேயே குப்பையைக் கிளறித் திரியும் நாட்டுக்கோழிக் குஞ்சு இதை எந்த ஆய்வகமும் இல்லாமல் பெற்றுக்கொள்கிறது.

பறக்கும் உடம்புக்கு வேறொரு கணக்கும் உண்டு. சுமார் 900 வகை முதுகெலும்பு விலங்குகளின் குடல் நுண்ணுயிரிகளை ஒப்பிட்ட ஆய்வு 2020-ல் வந்தது. பாலூட்டிகளில் நெருங்கிய உறவுள்ள விலங்குகளுக்குக் குடல் நுண்ணுயிரிகளும் நெருக்கமாக இருந்தன. பறவைகளில் அந்த உறவு மங்கலாகத்தான் தெரிந்தது. வௌவால் பாலூட்டிதான், ஆனால் அதன் குடல் பறவைகள் பக்கம் சாய்ந்து நின்றது. பறப்பதற்காக உடல் எடையைக் குறைக்க வேண்டும், குடலைச் சுருக்க வேண்டும். அதனால் நிரந்தரக் குடிகள் குறைவாகவும் வந்துபோகிறவர்கள் அதிகமாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள்.

அதாவது, பறவையின் குடலில் அது தங்கும் ஊரின் கை ஓங்கியிருக்கிறது. கோடியக்கரைக்கு வரும் வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். இதே இனம் ஆஸ்திரேலியாவுக்கும் வலசை போகிறது. அங்கே நடந்த ஆய்வில், நெடும்பயணம் முடித்து அப்போதுதான் வந்திறங்கிய உள்ளான்களின் குடலில் கொரினிபாக்டீரியம் என்ற வகை தூக்கலாக இருந்தது. பயணம் போகாமல் அங்கேயே தங்கிவிட்ட பறவைகளின் குடல் வேறு மாதிரி இருந்தது.

கண்ணோரத்து உண்ணியும் ஒரு பழைய சந்தேகமும்

பறவைகளின் உடம்பில் என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்ற கேள்வி இந்தியாவில் ஒரு காலத்தில் பெரிய விஷயமாக இருந்தது. 1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா பகுதியில் குரங்குகள் செத்து விழுந்தன. காட்டுக்குள் போன மனிதர்களுக்கும் கடும் காய்ச்சல். அதுதான் கியாசனூர் காட்டு நோய். உண்ணி மூலம் பரவும் வைரஸ். ரஷ்யாவில் இருந்த ஒரு மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு இது உறவு என்று தெரிந்ததும், வலசைப் பறவைகள்தான் உண்ணியைச் சுமந்து வந்தனவோ என்று சந்தேகம் எழுந்தது.

பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் தலைமையில், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் உலக சுகாதார நிறுவன உதவியோடு பறவைகளைப் பிடித்து வளையமிட்டு ஆராயத் தொடங்கியது. உண்ணி தேடுபவர்கள் முதலில் பார்ப்பது பறவையின் கண்ணோரத்தையும் தலையையும்தான். மற்ற இடங்களை அலகால் கோதி எடுத்துவிடும். தன் தலையைத் தானே கொத்திக்கொள்ள முடியாதே! சந்தேகப்பட்டபடி பறவைகள்தான் நோயைக் கொண்டுவந்தன என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆனால் எந்தப் பறவை எங்கிருந்து எங்கே போகிறது என்ற அறிவு நமக்குக் கிடைத்தது. கோடியக்கரை உலகப் பறவை வரைபடத்தில் இடம்பிடித்ததில் அந்த வளையங்களுக்கும் பங்கு உண்டு.

இந்தக் கதையின் ஒரு நூல் உழவர்கரையில் வந்து முடிகிறது. கியாசனூர் நோயை ஆராய்ந்தவர்களில் ஒருவரான பி.கே. ராஜகோபாலன், பின்னாளில் இங்கே இந்திரா நகரில் உள்ள பூச்சிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராகப் பல ஆண்டுகள் இருந்தார். 1975-ல் தொடங்கிய மைய அரசு நிறுவனம் அது. கொசுப்புழுவை மட்டும் கொல்லும் பேசில்லஸ் பாக்டீரியாவை மருந்தாக்கியதில் அந்த மையத்துக்குப் பெயர் உண்டு. பக்கத்திலேயே ஜிப்மர் மருத்துவமனை. குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி. மனிதன், பூச்சி, கால்நடை மூன்றையும் ஆராயும் இடங்கள் ஒரு சின்ன வட்டத்துக்குள். சாலிம் அலியின் பெயரையோ, காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் பள்ளி தாங்கி நிற்கிறது.

எச்சம் உரமாகும், விஷமும் ஆகும்

நாரைகளின் கால் சில நேரம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாக இருக்கும். வெயில் தாங்காதபோது நாரை தன் காலிலேயே எச்சமிட்டுக்கொள்ளும். ஈரம் ஆவியாகும்போது உடல் குளிரும். பறவைகளுக்கு எச்சத்துக்கும் முட்டைக்கும் வாசல் ஒன்றுதான். ஆகவே குடலில் இருப்பது காலுக்கும் போகும், முட்டை ஓட்டுக்கும் போகும், கடைசியில் ஏரிக்கும் போகும்.

நம் உழவர்களுக்கு இது புதிதில்லை. வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு நல்ல உரம் என்று ஊர்மக்கள் பறவைகளைக் காத்தார்கள். சுடுபவர்களைத் தடுக்கச் சொல்லி அவர்கள் கேட்டபோது, செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் 1798-லேயே அந்த உரிமையை ஏற்றார்.

ஆனால் பறவை தண்ணீருக்குத் தருவதுபோல், தண்ணீரும் பறவைக்குத் தருகிறது. கவலைப்பட வேண்டியது இங்கேதான். ஆன்டிபயாட்டிக் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பல நாடுகளில் காட்டுப் பறவைகளின் எச்சத்தில் கிடைத்திருக்கின்றன. மனிதர் அதிகம் வாழாத ஆர்க்டிக் பகுதிப் பறவைகளிலும் அவை இருந்தன என்று 2008-ல் வெளியான ஆய்வு சொன்னது. அந்தப் பறவைகளுக்கு யாரும் மாத்திரை கொடுக்கவில்லை. நம் சாக்கடை, மருத்துவமனைக் கழிவு, கோழிப்பண்ணைக் கழிவு, குப்பைமேடு ஆகியவற்றின் வழியாகப் போனவை அவை. உலகம் சுற்றும் பறவை அதையும் சுமந்து சுற்றுகிறது. கோழி போன்ற உணவுக்கான கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட மருந்தைக் கொடுப்பதை இந்திய அரசு 2019-ல் தடை செய்தது இந்த ஆபத்தை உணர்ந்துதான்.

பறவைக் காய்ச்சலும் அப்படியே. 2020 டிசம்பர் கடைசியில் இமாச்சலப் பிரதேசத்தின் பாங் அணையில் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் செத்தன. இப்படிப்பட்ட நேரத்தில் கால்நடை மருத்துவர்கள் ஒரு பறவையிடம் இரண்டு மாதிரி எடுப்பார்கள். தொண்டையிலிருந்து ஒன்று, எச்சத் துவாரத்திலிருந்து ஒன்று. ஏன் இரண்டு? ஒரு ஊரில் கிடைக்காத ஆள் இன்னொரு ஊரில் கிடைக்கலாம்.

19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி நகரத்துக்குக் குடிதண்ணீர் போனது உழவர்கரையின் முத்திரையர்பாளையத்திலிருந்துதான். அதன் நினைவாகத்தான் பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் நிற்கிறது. இன்றும் இந்தப் பகுதியின் நிலத்தடி நீரை ஊட்டி வளர்ப்பதில் ஊசுட்டேரிக்குப் பெரிய பங்கு உண்டு. நகரம் ஏரியை நோக்கி வளர்ந்துகொண்டே வருகிறது. கரையில் கொட்டும் ஒரு மூட்டைக் கோழிக்கழிவு நாரையின் அலகுக்குப் போகும், குடலுக்குப் போகும், நம் கிணற்றை நோக்கியும் வரும். நாரையின் உடம்பைச் சோதித்தால் ஏரியின் உடல்நிலை தெரிந்துவிடும். ஏரியின் உடல்நிலை தெரிந்தால் நம்முடையதும் ஓரளவு தெரிந்துவிடும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

பறவை என்றாலே கிருமி என்று பயப்பட வேண்டாம். நம் உடம்பிலும் நம் சொந்தச் செல்களின் எண்ணிக்கைக்குக் குறையாத பாக்டீரியாக்கள் இருக்கின்றன. தூரத்தில் நின்று பார்ப்பதால் எந்த ஆபத்தும் இல்லை. பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். குழந்தைகளுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். எந்தப் பறவை அலகைச் சேற்றில் விடுகிறது, எது சிறகை விரித்துக் காய்கிறது, எது இறகைக் கோதுகிறது என்று எழுதச் சொல்லுங்கள்.

பறவைகளுக்கு மிக்சர், சிப்ஸ், மிச்சச் சோறு போடாதீர்கள். குடலின் குடிகள் உணவைப் பொறுத்து மாறும். கரையில் செத்த பறவையைப் பார்த்தால் கையால் தொடாமல் வனத்துறைக்கோ கால்நடைத் துறைக்கோ சொல்லுங்கள். எச்சம் பட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.

வீட்டு மொட்டைமாடியில் பறவைகளுக்குத் தண்ணீர் வைப்பவர்கள் கிண்ணத்தைத் தினமும் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, பிறகு புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். பல பறவைகள் ஒரே கிண்ணத்தில் குடித்தால் ஒன்றின் வாயில் இருப்பது இன்னொன்றுக்குப் போகும். மருந்து மாத்திரை மீந்துபோனால் சாக்கடையில் கொட்டாதீர்கள். அது போய்ச் சேரும் இடம் எது என்பதைத்தான் இவ்வளவு நேரம் பார்த்தோம்.